சாம்பார் பரிமாறப்பட்டது

"சாம்பார் பரிமாறப்பட்டது" என்று, சொன்ன வேலையைத் தானே செய்யும் தானியங்கிக் கல்யாண மண்டபம் கம்பீரமாக அறிவித்தது. அறிவிப்புக்கு ஒன்றும் குறைச்சலில்லை. வாழையிலைகூடப் போடாமல் மேசைதான் துடைத்து வைத்தது போல் கிடந்தது.

"கை நனைக்காமலே கிளம்புறோம்!" என்று மாப்பிள்ளையின் பெரியப்பா துண்டை உதறினார்.

மண்டபத்தைப் பழுதுபார்க்கும் சகாயமேரி ஓடிவந்து சமையல் பிரிவைச் சோதித்தாள். "கோளாறு இல்லீங்க. யாரோ 'ஒத்திகை'ன்னு சொல்லியிருக்காங்க. ஒத்திகைன்னா செஞ்சதா சொல்லும், செய்யாது."

மாப்பிள்ளை ஆரூரன் பதறினான். "நான் பதிவுப் பிரிவுக்கு மட்டும்தானே சொன்னேன்? சமையலுக்கு எப்படிப் போச்சு?" என்று உளறிவிட்டான்.

பந்தி மொத்தமும் திரும்பியது. இந்தக் காலத்தில் சட்டப்படியான பதிவுதான் கல்யாணம். அது முடிந்ததாக மண்டபம் காலையிலேயே அறிவித்து, எல்லோரும் அட்சதையும் போட்டாயிற்று.

"அங்க சொன்னது அங்கயே நின்னுடும்," என்றாள் சகாயமேரி. "எல்லாப் பிரிவுக்கும் இறங்கணும்னா வாசல்ல, தொடக்க ஆணையிலயே சொல்லியிருக்கணும்."

வாசலில் விளக்கேற்றித் தொடக்க ஆணை கொடுப்பது மணப்பெண். எல்லோரும் நப்பின்னையைப் பார்த்தார்கள். அவள் ஆரூரனைப் பார்த்தாள்.

"நீங்களுமா?" என்றாள்.

நிச்சயமான நாளிலிருந்து அன்றுதான் இருவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

"ஒத்திகையை எடுத்துடட்டுமா?" என்று கேட்டாள் சகாயமேரி.

"சமையலுக்கு மட்டும் எடுங்கக்கா," என்ற நப்பின்னை, ஆரூரனுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "சாப்பிட்டுக்கிட்டே பேசிப் பாக்கறோம்."