பாசி எங்கிருந்து வந்தது?

“நான் ஸ்கூலுக்குப் போனப்புறம் இந்த வீட்டுல என்ன நடக்குது?”

கையில் பிளேடோடு நின்றிருந்தார் ஆதிகேசவன். அடுப்படி வாசலில் நின்ற அவர் மனைவி இந்திராணி, பிளேடையே பார்த்தாள்.

நல்லவேளை, பிளேடு அவளுக்காக இல்லை. கூடத்து மீன்தொட்டியின் கண்ணாடியில் பச்சைப் பசேலென்று ஒட்டியிருந்த பாசிக்காக. சுரண்டிச் சுரண்டியே சயின்ஸ் வாத்தியாருக்குக் கை வலி கண்டுவிட்டது.

காஞ்சிபுரத்தில் அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு தறி. இவர் வீட்டில் மட்டும் கடல்மீன். பன்னிரண்டு வருஷமாய்ப் பிள்ளை இல்லாத வீட்டில் மீனாவது துள்ளட்டும் என்று சொல்லித்தான் தொட்டியைக் கொண்டுவந்து வைத்தார்.

கடல்மீனுக்குக் கடல்தண்ணீர்தானே வேண்டும்? மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் காலி கேன்களோடு மகாபலிபுரத்துக்குப் பஸ் ஏறுவார். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் தண்ணீரோடு வந்து இறங்குவார். நடுவில் அங்கிருந்து கடிதம் வந்தால், “மீன்காரர் எழுதியிருக்காரு, புதுசா ஏதோ மீன் மாட்டியிருக்குதாம்” என்று இந்திராணியிடம் சொல்லிவிட்டு அலமாரியில் போடுவார்.

பாசியை ஒழிக்க அவர் செய்யாத வைத்தியம் இல்லை. இரையைப் பாதியாகக் குறைத்தார். மாதம் ஒருமுறை மாற்றிய தண்ணீரை வாராவாரம் மாற்றினார். கடைசியில் ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி அடித்து, தொட்டி மேல் தொங்கும் பல்பை சாயந்திரம் ஒரு மணி நேரம்தான் எரிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். கூடம் கும்மிருட்டானதுதான் மிச்சம். இரண்டு மீன் செத்து மிதந்தது, பாசி மட்டும் செழிப்பாக வளர்ந்தது.

வெளிச்சம் இல்லாமல் பாசி வளராது. இதைப் பத்தாம் வகுப்புக்கு வருஷா வருஷம் நடத்துகிறவர் அவர்.

“பகல்ல லைட்டு போடுறியா?”

“நான் எதுக்குங்க போடப்போறேன்? எனக்கு அடுப்படி வேலையே சரியா இருக்குது.”

மறுநாள் பள்ளிக்குக் கிளம்பியவரைப் பக்கத்து வீட்டு நெசவாளி தணிகாசலம் ஓரமாகக் கூப்பிட்டார்.

“தப்பா நெனைக்காதீங்க வாத்தியாரே. நேத்து காலைல பத்து மணி வரிக்கும் தெருவுல தறிக்குப் பாவு நூல் நீட்டிக்கினு இருந்தோம். உங்க கூடத்து ஜன்னல் இடுக்குல லைட்டு தெரியுது. உள்ள அம்மா யார்கிட்டயோ மெதுவா பேசிக்கினு இருக்குறாங்க. இது ஒரு நாள் கூத்து இல்ல. சொல்லாம இருக்க மனசு கேக்கல.”

பாசிக்கு வெளிச்சம் கிடைத்த வழி தெரிந்துவிட்டது. யாருக்காக எரிகிறது அந்த விளக்கு? கைநாட்டு வைக்கிறவள், பஸ்ஸில் போர்டு படிக்கத் தெரியாதவள், அவளா இப்படி?

முதல் பீரியட் முடிந்ததும் தலைவலி என்று சொல்லிவிட்டு சைக்கிளை மிதித்தார். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. ஜன்னல் இடுக்கில் வெளிச்சம். உள்ளே இந்திராணியின் குரல், விட்டுவிட்டு, தயங்கித் தயங்கி. கதவை ஓங்கித் தட்டினார்.

“யாருடி உள்ள? கதவைத் தொற!”

திறந்தாள். அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தார். அறை, அடுப்படி, தோட்டம் என்று ஓடித் தேடினார். ஒருவரும் இல்லை. தொட்டி விளக்குக்குக் கீழே ஒரு சிலேட்டும், ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகமும் கிடந்தன.

“எதிர்வீட்டு வள்ளி எழுத்து சொல்லித் தருது. தோட்டத்துல உக்காந்து படிச்சா நாலு பேரு சிரிப்பாங்க. ஜன்னலயும் நீங்க மூடிட்டீங்க. அதான் இந்த லைட்டைப் போட்டு எழுத்துக் கூட்டிக்கினு இருந்தேன்.”

போன உயிர் திரும்பி வந்தது ஆதிகேசவனுக்கு. இவளையா சந்தேகப்பட்டோம் என்று வெட்கமாக இருந்தது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பாடம் சொன்ன மனுஷன், கட்டிய மனைவிக்கு ‘அ’ எழுதிக் காட்டியதில்லை. கண்ணில் நீரே வந்துவிட்டது.

“அசடு! பாசி போனாப் போவுது, இனிமே நானே சொல்லித் தரேன். இத்தினி வருஷம் இல்லாம இப்ப என்ன படிப்பு மேல ஆசை? எதைப் படிக்கப்போற?”

இந்திராணி முந்தானையால் சிலேட்டை அழுத்தித் துடைத்தாள். பிறகு நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

“மகாபலிபுரத்து லெட்டரைங்க. எழுதுறது ஏலவார்குழலியாமே, உங்க புள்ளைக்குப் பல்லு மொளைச்சிருக்குதாம்.”