உப்பு எங்கே போச்சு?

"அவருக்கு சூப். உப்பே போடக் கூடாது. காய்கறி வேகவெச்சது, வெண்ணெய் படக் கூடாது. மீனை எண்ணெய் விடாம கிரில் பண்ணி, பாதித் துண்டு மட்டும் குடுங்க."

மகள் சொல்லச் சொல்ல, சர்வர் எழுதிக்கொண்டார். எதிரே உட்கார்ந்திருந்த அப்பா மெனு கார்டை ஏக்கமாகப் பார்த்தார்.

"இந்த உருளைக்கிழங்கு வறுவல்..." என்று வாயெடுத்தார்.

"மூச்! நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு ஆஸ்பத்திரியில கிடந்தது மறந்துபோச்சா?"

"சும்மா பேரை மட்டும் சொல்லிப் பார்த்தேம்மா."

கணக்குத் தணிக்கை அவள் வேலை. வாரம் முழுக்க ஊரார் கணக்கு; ஞாயிற்றுக்கிழமை மதியம் இந்த ஓட்டலில் அப்பாவின் தட்டு. அப்பா அவளுக்கு வைத்திருக்கும் பெயர் இன்ஸ்பெக்டர்.

"உங்களுக்கு மேடம்?"

"எனக்கு முழு மீன் வறுவல். மேல நிறைய வெண்ணெய் போட்டு, உப்பு காரம் தூக்கலா. கூட அந்த உருளைக்கிழங்கு வறுவல்."

ஊருக்குத்தான் உபதேசம் போலிருக்கிறது. அப்பா "கை கழுவிட்டு வரேன்" என்று எழுந்து போனார்.

வெகு நேரம் கழித்து அவர் திரும்பி வந்து உட்காரவும் சாப்பாடு வந்தது. ஒரு வாய் வைத்ததுமே மகளின் முகம் கோணிப்போனது. மீனில் உப்பு பேருக்குத்தான் இருந்தது. வெண்ணெய் போட்ட சுவடே இல்லை. வறுவல் என்ற பெயரில் வெந்த உருளைக்கிழங்கு லேசாகச் சிவந்திருந்தது, அவ்வளவுதான்.

சர்வரைக் கூப்பிட்டாள்.

"போன வாரமும் இதே கதை. தட்டு மாறிப்போச்சா?"

சர்வர் அவள் தட்டைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், மறுபடி தட்டைப் பார்த்தார்.

"மாறலை மேடம்..." என்று இழுத்தார்.

அப்பா விட்டத்தில் தொங்கிய விளக்கை அப்போதுதான் முதல்முறை பார்ப்பவர் மாதிரி ரசித்துக்கொண்டிருந்தார். அவளுக்குப் பொறி தட்டியது.

"உங்க தட்டை இப்படி நகர்த்துங்க."

அப்பாவின் சூப்பில் ஒரு ஸ்பூன் எடுத்துக் குடித்தாள். உப்பில்லை. காய்கறியைத் தின்று பார்த்தாள், மீனைப் பிய்த்துப் பார்த்தாள். எல்லாம் அவள் சொன்னபடி சப்பென்றுதான் இருந்தது.

அவளுக்குத் தலை சுற்றியது. இவர் தட்டிலும் இல்லை, என் தட்டிலும் இல்லை. அப்படியானால் நான் கேட்ட உப்பும் வெண்ணெயும் எங்கேதான் போச்சு?

யோசிக்க யோசிக்க ஒன்று உறைத்தது. ஸ்பூனில் சாப்பிடுகிற மனுஷர் வாரா வாரம் இவ்வளவு நேரம் கை கழுவுவானேன்? கை கழுவும் இடமோ சமையலறை வாசலை ஒட்டி. என் பேரைச் சொல்லி வறுத்ததை அங்கேயே நின்று உள்ளே தள்ளிவிட்டு, இங்கே வந்து ஒன்றும் தெரியாதவர் மாதிரி சூப் குடிக்கிறாரா?

"எங்க, ஊதுங்க."

"என்னது?"

"வாயை ஊதுங்கப்பா!"

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்க, அப்பா பாவம்போல ஊதினார். மீன் வாசனையும் இல்லை, வெண்ணெய் வாசனையும் இல்லை. அவளுக்குக் குழப்பம் இன்னும் கூடியது.

"இருங்க, நானே போய்க் கேக்கறேன்."

"வேண்டாம்மா! நான் சொல்றதைக் கேளு..." என்று அப்பா பதறியதே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. விறுவிறுவென்று சமையலறை வாசலுக்குப் போய் நின்றாள்.

"எங்கப்பா வாரா வாரம் இங்க வந்து என்ன வாங்கித் தின்னுறாரு? மறைக்காதீங்க. அவர் ஹார்ட் பேஷண்ட். ஒரு மனுஷன் உசுரோட விளையாடுறீங்க!"

சமையல்காரர் திருதிருவென்று விழித்தார்.

"தின்னுறதா? ஒரு துண்டுகூடத் தொட்டதில்லீங்களே!"

"அப்போ இங்க நின்னு உங்ககிட்ட என்ன பேசுறாரு?"

"அது... உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு மேடம்."

"இப்போ சொல்லப்போறீங்களா இல்லையா?"

சமையல்காரர் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"'என் பொண்ணுக்கு ரத்தக் கொதிப்பு. டாக்டர் குடுத்த மாத்திரையைப் பிரிக்காமலே கைப்பையில வெச்சுக்கிட்டு அலையுறா. நான் சொன்னா காதுல போட்டுக்க மாட்டா. அவ தட்டுலயும் உப்பு, வெண்ணெயைக் குறைச்சிடுங்க தம்பி. அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, அப்புறம் என்னை அதட்ட யாரு இருக்கா?'ன்னு வாரா வாரம் கெஞ்சிட்டுப் போறாரு மேடம்."