சிலிர்ப்பு போதவில்லை

எரிமலைத் தீவில் பொற்கொடிக்கு வேலை, அடுத்தவர்களுக்காக மலையேறுவது. அவள் நெற்றியில் கட்டியிருக்கும் கருவிப் பட்டை, அவள் காணும் காட்சியையும் உணரும் மகிழ்ச்சியையும் அண்ணா நகரில் சோபாவில் சாய்ந்திருக்கும் சபேசனுக்கு அனுப்பிவிடும். மூச்சிரைப்பும் முட்டிவலியும் அவளுக்கே.

உறைந்த எரிமலைக் குழம்பின்மேல் கரடுமுரடாகக் கிடந்த பாதையில் ஏறி உச்சிக்கு வந்தாள். கீழே பெரும்பள்ளம் புகைந்தது, அதற்கப்பால் கடல்.

"என்னம்மா, சப்புன்னு இருக்கு?" காதில் சபேசன் சலித்துக்கொண்டார். "ஒண்ணுமே சிலிர்க்கலையே. கொஞ்சம் மனசார ரசிம்மா!"

"தினமும் இதே மலைதானே சார் ஏறுறேன்."

"அதுக்கு நான் என்ன பண்றது? கம்பெனில சொல்லி ஆள மாத்திடுவேன்."

மாற்றினால் வேலை போய்விடும். பொற்கொடி பள்ளத்தை உற்றுப் பார்த்தாள். நல்லவேளை, நினைப்பதைப் பட்டை அனுப்பாது. மனதுக்குள் சபேசனைச் சோபாவோடு தூக்கிவந்து விளிம்பில் வைத்து, ஓங்கி ஓர் உதை விட்டாள். சோபா உருண்டது. வேட்டி மட்டும் தனியே பறந்தது. அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

"ஆஹா!" சபேசனின் குரல் தழுதழுத்தது. "இதத்தாம்மா கேட்டேன்! கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. அடுத்த ஞாயிறு மச்சானையும் சேத்துக்கிறேன்."

"குடும்பத்தோட வாங்க சார்" என்றாள் பொற்கொடி, பள்ளத்தை எட்டிப் பார்த்தபடி. "இடம் நிறைய இருக்கு."