மூன்றாவது குடம்

காலை ஐந்தரை மணிக்கு அப்பாவின் மூச்சு நின்றது. அலறப்போன பூங்கோதையின் வாயை அம்மா முந்தானையால் பொத்தினாள்.

"சத்தம் போடாதடி. ஆறு மணிக்குத் தண்ணி வந்துரட்டும்."

குழாய்க்கு மேலிருந்த மீட்டரில் மூன்று என்று எரிந்தது. வீட்டில் உயிரோடு இருக்கும் ஆளுக்கு ஒரு குடம். இழவு அழுகை கேட்டால் மீட்டர் தானாகவே ஒரு ஆளைக் குறைத்துவிடும்.

ஆறு மணிக்குக் குழாய் திறந்தது. மூன்றாவது குடம் பாதி நிறையும்போது, உறைமோர் கேட்டு வந்த பக்கத்து வீட்டுச் சொர்ணத்தக்கா கட்டிலில் கிடந்த அப்பாவைப் பார்த்துவிட்டாள். மாரில் அடித்துக்கொள்ள அவள் கை உயர்ந்தது. அம்மா பதறிப்போய்க் கும்பிட்டாள். அக்கா மீட்டரைப் பார்த்தாள். கை மெல்ல இறங்கியது.

"அண்ணன் இன்னும் எந்திரிக்கலையா?" என்று உரக்கக் கேட்டாள்.

"ராத்திரி பூரா இருமல்க்கா," என்றாள் அம்மா. குரல் நடுங்கவில்லை.

குடம் நிறைந்து குழாய் நின்றது. அம்மா அதைத் தூக்கிவந்து அப்பாவின் தலைமாட்டில் வைத்தாள்.

"மூணு மாசமா ஈரத்துணியில தொடச்சது போதுங்க. இன்னைக்கு நல்லா குளிங்க."

அதன் பிறகுதான் அலறினாள். மீட்டரில் மூன்று இரண்டானது.