சீத்தைத் தெறி

பெருமை காட்டத்தான் வந்திருக்கிறாள். இல்லாவிட்டால் இந்த வெய்யிலுக்குள் கட்டைபறிச்சானிலிருந்து மூதூருக்கு நடந்து, லோஞ்ச் ஏறி, கொட்டியாரக் குடாவைக் கடந்து திருகோணமலைக்கு ஒருத்தி வருவாளா?

குணேஸ்வரி சிரித்த முகத்தோடு கதிரையை இழுத்துப் போட்டாள். புருஷனின் தங்கச்சி அன்னலட்சுமி அதன் நுனியில் இருந்தாள். வியர்த்த கழுத்து, புழுதிக் கால், சட்டைத் தோளில் நூல் கோத்தபடி குத்தியிருந்த ஊசி. தையலை விட்டெழும்பி அப்படியே ஓடி வந்திருக்கிறாள், அவ்வளவு அவசரம் என்று குணேஸ்வரி நினைத்துக்கொண்டாள்.

மேசையில் அட்டை கிடந்தது. முந்திய காலத்து வெள்ளைக்காரர் உடுப்பில் பொத்தானாக இருந்த பீங்கான் தெறிகளை வகை பிரித்து அதில் நீல நூலால் தைத்திருந்தாள். மேல் வரிசையில் வெறும் வெள்ளைத் தெறிகள், அதன் கீழே விளிம்பில் நிற வளையம் ஓடியவை. கடைசி வரிசை, சீத்தைத் துணிபோலப் பொடிப்பூ அச்சடித்தவை. அந்த வரிசையின் முடிவில் பென்சிலால் கீறிய ஒரு வட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது.

கடற்படைத் துரைமார் போனபின்பும் கொழும்பில் தங்கிவிட்ட துரைசாணி ஒருத்தி இந்தத் தெறிகளைச் சேர்த்து வந்தாள். குணேஸ்வரிக்கு வகை பிரிக்கப் பழக்கியவளும் அவள்தான். நாளைக்கு அவள் திருகோணமலைக்கு வருகிறாள். அட்டை நிரம்பியிருந்தால் குணேஸ்வரியின் பேரை எழுதி லண்டன் கண்காட்சிக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தாள். கல்யாண எழுத்துக்குப் பிறகு குணேஸ்வரியின் பேரை எவரும் எங்கேயும் எழுதியதில்லை.

போன முறை வந்தபோது துரைசாணி அட்டையைப் பார்த்துத் தலையாட்டினாள். பிறகு அன்னலட்சுமி மடியிலிருந்து எடுத்துக் கொடுத்த ஒற்றைத் தெறியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அவளுடைய கன்னத்தில் தட்டினாள். குணேஸ்வரியின் கன்னத்தை யாரும் தட்டவில்லை. தங்கச்சி நடக்கிற இடமெல்லாம் தெறி முளைக்கும் என்று புருஷன் மூத்ததம்பி ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். கண் பூக்க இருந்து வகை பிரித்தவளைப் பற்றி ஒரு சொல் இல்லை.

"மச்சாள், ஒண்டு கிடைச்சது," என்று அன்னலட்சுமி சேலைத் தலைப்பு முடிச்சை அவிழ்த்தாள். "இது பீங்கானோ, கண்ணாடியோ? எனக்குப் பிடிபடேல்லை. உங்களுக்குத்தான் தெரியும்."

இலங்கைத்துறையில் ஒரு வீட்டுப் பெட்டகத்தில் கிடந்த பழைய குழந்தைச் சட்டையில் இருந்ததாம். வீட்டுக்காரி சும்மா தர மனமில்லாமல் நிற்க, அவளுடைய பிள்ளைகளுக்கெல்லாம் உடுப்புத் தைத்துக் கொடுத்து வாங்கினாளாம்.

குணேஸ்வரி அதைக் கையில் எடுத்தாள். வெள்ளையின் மேல் பச்சைப் பொடிக்கொடி. பின்பக்கத்தை விரலால் தடவினாள். தோடம்பழத் தோல்போலப் புள்ளி புள்ளியாகச் சொரசொரத்தது. கண்ணாடி என்றால் வழுக்கும். யன்னலில் தெரிந்த துறைமுக வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். துளி வெளிச்சமும் ஊடே வரவில்லை. பீங்கானேதான். அவளுடைய வட்டத்துக்கென்றே சூளையிலிருந்து இறக்கியதுபோல அதே அளவு.

அன்னலட்சுமி அட்டைமேல் குனிந்து, வெறும் வட்டத்தில் விரல் நுனியை வைத்தாள்.

"இந்த இடம் இன்னும் நிரம்பேல்லை, என்ன?"

குத்திக் காட்டுகிறாள். நாளைக்கு இதைத் துரைசாணியின் கையில் இவளே வைப்பாள். மற்றக் கன்னத்திலும் தட்டு வாங்குவாள். மூத்ததம்பிக்கு அடுத்த வருஷம்வரை கதைக்க ஒரு கதை கிடைக்கும்.

"கண்ணாடி," என்றாள் குணேஸ்வரி.

"வடிவாப் பாத்தனீங்களோ, மச்சாள்?"

"பாத்தனான். பின்பக்கம் வழுக்குது. இப்பத்தையக் கடைச் சாமான். உம்மை நல்லாப் பேய்க்காட்டிப் போட்டாள் அந்த வீட்டுக்காரி."

அன்னலட்சுமியின் முகம் வாடியது. அதைப் பார்க்கக் குணேஸ்வரிக்கு நெஞ்சுக்குள் குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சியை வெளியே காட்டாமலிருக்கக் குசினிக்குப் போய்த் தேத்தண்ணி ஊற்றி வந்தாள். தெறியை மட்டும் உள்ளங்கையை விட்டு இறக்கவில்லை. லோஞ்ச் போய்விடட்டும். இருட்டுமுன் வட்டத்தில் தைத்துவிடலாம். எங்கே கிடைத்தது என்று துரைசாணி கேட்டால் பழைய தகரப் பேணிக்குள் கிடந்தது என்று சொன்னால் போயிற்று.

இறங்குதுறைப் பக்கமிருந்து லோஞ்ச் ஊதியது. அன்னலட்சுமி எழும்பிக் கையை நீட்டினாள்.

குணேஸ்வரி மூடிய கையைத் திறக்கவில்லை. "இதைக் கொண்டுபோய் என்ன செய்யப் போறீர்? இஞ்சை விட்டிட்டுப் போம். கழிவுப் பேணிக்குள்ளை கிடக்கட்டும்," என்றாள், பெரிதாக ஒன்றுமில்லாத மாதிரி.

அன்னலட்சுமி அவளுடைய விரல்களைத் தானே மெல்ல விரித்துத் தெறியை எடுத்துக்கொண்டாள். பிறகு தோளிலிருந்த ஊசியைப் பிடுங்கி, நூலை உருவி விரலில் சுற்றினாள். அந்த நூல் நீலமாக இருந்ததைக் குணேஸ்வரி அப்போதுதான் கண்டாள்.

"வேண்டாம், மச்சாள். கண்ணாடியை உங்கட வீட்டிலை விட்டிட்டுப் போக எனக்கு மனமில்லை. லோஞ்சிலை போகேக்கை கடலிலை போட்டுவிடுறன்."

வாசலில் செருப்பை மாட்டியபடி, திரும்பிப் பார்க்காமலே மெதுவாகச் சொன்னாள்.

"பீங்கான் எண்டால் உங்கட வட்டத்திலை தைச்சுவிட்டிட்டுப் போவம் எண்டுதான் வந்தனான்."