ஜன்னலோர இடம்

ஷூ கீச்சிட்டது.

மறுபடியும்.

நடன வட்டத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்டிருக்கும். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

தப்பு அவளுடையதுதான். வாசற்கதவருகே பலகையில் தெளிவாகத்தான் எழுதியிருந்தார்கள். பரதம்: வெறுங்கால், துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டவும். ஜும்பா: ரப்பர் ஷூ, தண்ணீர் பாட்டில். சால்சா: வழுக்கும் தோல் ஷூ, மோதிரம் வேண்டாம், ஜோடி இல்லாமலும் வரலாம்.

அந்தக் கடைசி வார்த்தைகளைத்தான் அவள் மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். ஷூவை மேல் வரியைப் பார்த்து வாங்கிவிட்டாள்.

அவர் போய் மூன்று வருடம். அதற்குப் பிறகு அவள் கையை யாரும் பிடித்ததில்லை. மருந்துக்கடையில் மாத்திரை அட்டையை வாங்கும்போது விரல் படும். அவ்வளவுதான்.

யாராவது முகம் சுளித்தால் இறங்கிப் போய்விடுவது. பிறகு எங்கேயும் போவதில்லை. படி ஏறும்போதே முடிவு செய்திருந்தாள்.

ரெஜி மாஸ்டர் கைதட்டி எண்ணினார். ஒன், டூ, த்ரீ. ஃபைவ், சிக்ஸ், செவன்.

நாலையும் எட்டையும் சொல்வதில்லை. அங்கே கால் சும்மா நிற்க வேண்டும்.

சுழலச் சொன்னார். ரப்பர் தரையைக் கவ்விக்கொண்டது. முட்டி மட்டும் திரும்பியது. எதிரே இருந்த பையன் சட்டென்று தாங்கிக்கொண்டான்.

"பாத்து ஆன்ட்டி, முட்டி போயிரும். அருளப்பன் சார் இருந்தா ஷூ மேலயே மாட்டிக்கச் சொல்லி ஒரு ஜோடி சாக்ஸ் குடுத்திருப்பாரு. புதுசா வர்றவங்களுக்குன்னே பையில வச்சிருப்பாரு. ஜனவரியில தவறிட்டாரு, பாவம்."

சிரித்தபடிதான் சொன்னான். ஆனாலும் அவள் கண் கதவுக்குப் போனது.

"மாத்துங்க!"

மாஸ்டரின் குரலுக்கு ஆண்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். பெண்கள் வலப்பக்கம் ஓர் இடம் நகர்ந்தார்கள்.

அவளுக்கு எதிரே யாருமில்லை.

ஜன்னலோரம். வட்டத்தில் ஓர் ஆள் அகலத்துக்கு இடைவெளி. முன்னால் போனவர்கள் அங்கே கைகளைக் காற்றில் உயர்த்தி, கண்ணை மூடி, ஒரு பாட்டுக்குத் தனியாக ஆடிவிட்டு நகர்ந்ததை அவள் பார்த்திருந்தாள். பக்கத்தில் நின்றவர்கள் யாரும் தள்ளி நின்று அந்த இடத்தை அடைக்கவில்லை.

யாருடைய இடம் என்று இப்போது புரிந்தது.

நாலே எட்டு வைத்தால் கதவு. யாரும் கவனிக்க மாட்டார்கள்.

ஆனால் ஒருவருக்கு எதிரே வந்து நின்றுவிட்டு, கை நீட்டாமல் போவது மரியாதையாகப் படவில்லை.

"வணக்கம் சார்" என்று உதட்டுக்குள் சொன்னாள். வலது கையை நீட்டினாள்.

ஒன். டூ. த்ரீ.

நாலில், ஒரு தோல் ஷூ மெல்ல ஊன்றும் சத்தம்.

அவளுடையது இல்லை.

ஃபைவ். சிக்ஸ். செவன்.

எட்டிலும் கேட்டது.

முருகா, என்றாள். உள்ளங்கை வெதுவெதுப்பாக இருந்தது.

இரண்டு பக்கச் சுவரிலும் கண்ணாடி. ஒன்றில் அவள் முதுகு தெரிந்தது. தோள்பட்டைக்குக் கீழே சுடிதார் துணி ஓர் உள்ளங்கை அளவுக்கு அழுந்தியிருந்தது. ஐந்து விரல்.

எதிரே ஜன்னல். நாலரை மணி வெயில். தரையில் அவள் நிழல் மட்டும்.

பயமாகத்தான் இருந்தது. கையை இழுத்துக்கொள்ளவில்லை.

முதுகில் அந்த அழுத்தம் மெல்லத் திருப்பியது. முழுச் சுற்று. முட்டி வலிக்கவில்லை. கீச்சென்ற சத்தமே இல்லை.

"மாத்துங்க!"

அவள் நகர மறந்து நின்றாள். அந்த இடத்துக்கு அடுத்து வந்த பெண் அவள் காலைப் பார்த்தாள். ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை.

"மொத நாளே குடுத்துட்டாரா? எனக்கு மூணு வாரம் ஆச்சு. நகருங்கக்கா, இப்ப என் முறை."

குனிந்து பார்த்தாள்.

இரண்டு ஷூவின் மேலும் சாம்பல் நிற சாக்ஸ். இடது குதிகாலில் சின்ன ஓட்டை.

வகுப்பு முடிந்ததும் கழற்றினாள். யாரும் திருப்பிக் கேட்கவில்லை. மடித்துப் பைக்குள் வைத்தாள். துவைக்க வேண்டும். ஓட்டையைத் தைக்க வேண்டும். அடுத்த சனிக்கிழமை கொண்டுவந்து கொடுக்க வேண்டும்.

செங்குத்தான படிகள். ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் கைப்பிடியைப் பற்றித்தான் ஏறியிருந்தாள்.

இறங்கும்போது அது அவள் வலப்பக்கம் வந்தது. பை இடது தோளில் தொங்கியது. அவள் கைப்பிடியைத் தொடவில்லை.

வலது கை காலியாக இல்லை.