கணவாய் மை

குறிகட்டுவான் படகு இறங்குதுறைக்கு எதிரே, நேற்றுத்தான் வெள்ளையடித்த சிறு கடையின் தகரக் கூரை மதிய வெயிலில் கொதிக்கிறது. அடுப்படியில் நிற்கிறாள் தனுசியா. இத்தாலியில், பலெர்மோ நகரத்து உணவகமொன்றில் பதினொரு வருடம் கோப்பை கழுவியவள். அங்கே அவளை ஒருவரும் அகப்பை தொட விடவில்லை; பார்த்துப் பார்த்தே சமையலைப் பழகிக்கொண்டாள். இன்று கடை திறந்த முதல் நாள். காலையிலிருந்து ஒருவரும் வரவில்லை. “கொத்துரொட்டி போடுவமப்பா, சனம் வரும்,” என்கிறான் கணவன் துஷ்யந்தன். “ஏலாது. அதுக்கு வேறை கடையள் இருக்கு,” என்று சொல்லிவிட்டு அவள் உள்ளிப்பூடு நறுக்குகிறாள்.

பஸ் சாரதி தம்பிராசா பசியோடு உள்ளே வந்து அமர்கிறார். அவர் முன்னால் அவள் வைக்கும் கோப்பையில் பாஸ்தா கன்னங்கரேலென்று மினுங்குகிறது. “என்ன பிள்ளை, கருகிப்போச்சோ?” என்கிறார். “கணவாய் மீன்ரை மை, அண்ணை. நாங்கள் கழுவி ஊத்திறதை அங்கை ஆசையாச் சாப்பிடுகினம். ஒரு வாய் வைச்சுப் பாருங்கோ.” அவர் முள்ளுக்கரண்டியைத் தள்ளிவிட்டு விரல்களால் அள்ளுகிறார். மெதுவாக மெல்லுகிறார். தனுசியாவின் கை கத்தியின் மேல் அசையாமல் நிற்கிறது. நயினாதீவுப் படகு வந்து சேர, சனம் பஸ்ஸில் ஏறி நிறைகிறது. “அண்ணை, வெளிக்கிடுவம்!” என்று நடத்துனர் வாசலில் நின்று கூப்பிடுகிறார். தம்பிராசா திரும்பியும் பார்க்கவில்லை. உதடு, பல், விரல் எல்லாம் கறுத்திருக்க, வெறுங்கோப்பையை அவள் பக்கம் நீட்டுகிறார். “இன்னும் கொஞ்சம் போடும் பிள்ளை.” துஷ்யந்தன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, மூலையில் இருந்த கணவாய்க் கூடையை அடுப்படிக்குத் தூக்கி வருகிறான்.